பறை காய இடம் உண்டா?

"கட்டட வேலை முன்னேறுகிறது" என்பார்கள். அடித்தளம் முடிந்தது, தூண்கள் எழுந்தன, கூரைக்குக் கம்பி கட்டுகிறார்கள், இன்னும் ஆறு திங்களில் திறப்பு விழா! பல்கலைக் கழகம் ஒன்று மண்டபம் எழுப்பத் தொடங்கிவிட்டால் ஆண்டறிக்கையில் ஆண்டுதோறும் இடம்பெறும் வாசகங்கள் இவை. எத்தனை இருக்கை, எத்தனை டன் குளிர்சாதனம், வாயிலில் என்ன கல், கல்வெட்டில் எவர் பெயர் எந்த வரியில் என்ற விவரங்கள் எல்லாம் அறிக்கையில் இருக்கும். அந்த மண்டபத்தில் என்ன ஒலிக்கப் போகிறது, எவருடைய கை அதை ஒலிக்கப் போகிறது என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இராது. கேட்டால், "பல்நோக்கு மண்டபம், ஐயா!" என்று பதில் வரும். பல நோக்கு! பட்டமளிப்பு, பாராட்டு, கருத்தரங்கு, கண்காட்சி, தேர்வு, தேநீர் அத்தனையும் முடிந்த பிறகு மிச்சப்படும் ஒரு மாலைப்பொழுதில் இசை!

தோழர்களே, கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் காவல் நிற்க, நடுவே விரிந்து கிடக்கும் சமவெளியை நீங்கள் அறிவீர்கள். காமராசர் நீர்த்தேக்கத்தால் பேர்பெற்ற ஆத்தூர் அங்கேதான் இருக்கிறது. (சேலத்து ஆத்தூர் அல்ல, திண்டுக்கல் ஆத்தூர்.) கைத்தறியால் வாழும் சின்னாளபட்டி அந்த வட்டாரத்து ஊர். அதை ஒட்டி இருப்பது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனம், 1956-இல் கிராமியக் கல்வி நிலையத்தை ஈன்றது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. அதன் தத்துவத்தோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. அவை இன்று வேண்டா. கிராமத்தான் வீட்டுப் பிள்ளை கல்லூரி வாயிலை மிதிக்க வழி செய்த இடம் என்ற நன்றியோடுதான் பேசுகிறேன்.

அந்தப் பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு விழா 2022 நவம்பர் 11 அன்று நடந்தது. இந்தியப் பிரதமரே வந்தார். மிருதங்க வித்துவான் உமையாள்புரம் சிவராமனுக்கும் இசையமைப்பாளர் இளையராஜாவுக்கும் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. மகிழ்ச்சி! பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராய்ப் பாடித் திரிந்த ஒருவருக்கு, அடுத்த மாவட்டத்துப் பல்கலைக் கழகம் அங்கி போர்த்திப் பட்டம் தந்தது என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? ஆனால், அங்கி கழற்றப்பட்ட பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த இசை உட்கார இடம் எங்கே? அதே இளையராஜா எழுதிய முதல் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று அரங்கேறியது. அரங்கேறிய ஊர் இலண்டன். வாத்தியக் குழு அங்கே இருந்தது, ஆகவே அங்கே போனார், குறை சொல்வதற்கில்லை. நான் குறை சொல்வது, வந்து வாசிக்கிறோம் என்று ஒரு குழு முன்வந்தாலும் திண்டுக்கல் சமவெளியில் இசைக்கென்றே அமைந்த ஓர் அரங்கைக் காட்ட இயலாதே, அந்த வெறுமையைத்தான்.

"கிராமப் பல்கலைக் கழகத்துக்கு இசையரங்கு எதற்கு? வேளாண்மை, கூட்டுறவு, கிணறு, கழிப்பிடம் இவை போதாவா? சங்கீதம் நகரத்து ஆடம்பரம் அல்லவா?" என்று கேட்பவர் உண்டு. எளிமையின் பெயரால் எழும் இந்தக் கேள்விக்குள் இருப்பது ஏளனம். கிராமத்தானுக்குக் கஞ்சி போதும், கானம் பட்டணத்தானுக்கு என்று பங்கு பிரிக்கும் ஏளனம்.

அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஓர் இளைஞர், ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் வந்தார். வந்த இடத்தில் சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். அந்த இளைஞர்தாம் பின்னாளில் தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1912-இல் இசைச் சங்கம் கண்டு, தம் செலவிலே மாநாடுகள் கூட்டியவர். 1916-இல் பரோடா மாநாடு வரை சென்று, சுருதி இருபத்திரண்டு என்று சாதித்தவர்கள் நடுவே தமிழர் கணக்கை எடுத்து வைத்தவர். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டவர். தமிழிசை ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்ட கை, வில் பிடிக்கக் கற்ற ஊர் திண்டுக்கல்! அந்த மண்ணைப் பார்த்தா, உனக்கு எதற்கு இசையரங்கு என்று கேட்பது?

பண்டிதருக்குப் பிறகு என்ன நடந்தது? மேடை கட்டினவன் ஒருவன், மேடையில் ஏறுபவன் வேறொருவன் என்ற கதைதான் நடந்தது. திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவிடம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1920-களில், தம் சொந்தப் பணத்தில் எழுப்பினார். எழுப்பிய இடத்திலே அந்த அம்மையார் பாட முடிந்ததா? பெண் பாடலாகாது என்றார்கள். தனியே பெண்கள் விழா நடத்திப் போராடித்தான், 1940-களின் தொடக்கத்தில் பொது விழாவில் பெண் குரல் ஒலிக்க வழி பிறந்தது. அதே திருவையாற்றில் 1946-இல் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார். சந்நிதி தீட்டுப்பட்டது என்றார்கள். தமிழ்நாட்டில், காவிரிக் கரையில், தமிழால் தீட்டு! அந்த ஒரு சொல்லைக் கண்டித்து 'குடி அரசு' ஏட்டில் இளைஞர் மு. கருணாநிதி எழுதியதும், நாடு கொதித்ததும் நம் இயக்க வரலாறு.

தமிழுக்கு மேடை இல்லாததால்தான் தனி மேடை தேட நேர்ந்தது. அண்ணாமலை நகரில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. சங்கம் தோன்றிய நாளில் அதற்குச் சொந்தமாக மண்டபம் இல்லை. இராசா அண்ணாமலை மன்றம் திறக்கப்பட்டது 1952-இல். அதற்கு முன்னமே, 1948-இல், அண்ணாமலைச் செட்டியார் மறைந்துவிட்டார். ஒரு பல்கலைக் கழகத்தையே நிறுவியவர், செல்வமும் செல்வாக்கும் படைத்தவர். அவருக்கே தமிழ் பாடும் மண்டபத்தைக் கண்ணால் காணக் கிட்டவில்லை. எதிர்முகாமின் கதையும் ஏறக்குறைய அதுதான். மியூசிக் அகாதெமி மண்டபத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955-இல், திறந்தது 1962-இல். மண்டபம் மெல்லத்தான் வளரும். மெல்ல வளர்வதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வளர்கிற காலத்திலேயே அது யாருக்கு என்று தீர்மானித்துவிட வேண்டும் என்பதே என் வழக்கு. திறப்பு விழாவுக்குப் பிறகு கேட்டால், "கச்சேரிப் பட்டியல் அச்சாகிவிட்டதே" என்பார்கள்.

யாருக்கு என்று கேட்டால், "தமிழிசைக்கு" என்று பாதி விடை சொல்லி நின்றுவிடுகிறோம். தமிழிசை என்றவுடன் நம் புலவர்களின் மனக்கண்ணில் தோன்றியவை தேவாரமும் கீர்த்தனையும் பண்ணும் யாழும். பறை தோன்றவில்லை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் எந்தப் பாடங்களைச் சுமந்து தோன்றின? குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். ஏழு! வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்தாளி. அதற்கு நடு வீட்டில் இடம். பறை இந்த மண்ணில் முளைத்தது. அந்த ஏழில் அதற்கு இடமில்லை. விருந்தாளியை நான் வெறுக்கவில்லை. வீட்டுக்காரன் ஏன் தெருவில் நிற்கிறான் என்றுதான் கேட்கிறேன்.

நாதசுரத்துக்கு இடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எப்படி? விழாவுக்கு முன்னே "மங்கல இசை"! சீமான்கள் கார் நிறுத்த இடம் தேடும் நேரம், சீமாட்டிகள் இருக்கை எண் தேடும் நேரம், அந்த நேரத்துக்குப் பெயர் மங்கலம். எல்லோரும் உட்கார்ந்ததும் நாதசுரக்காரர் எழுந்து போய்விடுவார். கானாடுகாத்தான் திருமண ஊர்வலத்தில், 1930 வாக்கில், மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசித்தார் என்பதற்காகத் துண்டை எடு என்று அதட்டினார்கள். எடுக்காதே என்று குறுக்கே நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. திருவாவடுதுறை இராசரத்தினம் கிராப்பு வைத்து, சட்டை அணிந்து, மேடையில் சமமாக அமர்ந்துதான் வாசிப்பேன் என்றார். செருக்கன் என்று பெயர் வாங்கினார். செருக்கு அல்ல அது, தன்மானம். துண்டுக்கே அவ்வளவு போராட்டம் என்றால், பறைக்கு எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

திண்டுக்கல் வட்டாரத்தில் அந்தப் போராட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் பெண்கள் என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண் மட்டுமே தொடுவான், அவனும் சாவு வீட்டில்தான் அடிப்பான் என்று ஊர் விதித்த கருவியை இடுப்பில் கட்டி, சலங்கை அணிந்து, நிமிர்ந்து ஆடி அடித்துக் காட்டினார்கள் அந்தப் பெண்கள். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "பறை வேண்டா, அது எங்கள் மேல் சுமத்திய அடிமைச் சின்னம்" என்று கருவியைத் தூக்கி எறிந்த சேரிகளும் உண்டு. அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சாவுச் சேதி சொல்லவும் பிணத்தின் முன்னே நடக்கவும் கூலியின்றிக் கட்டாயப்படுத்தப்பட்டவன் அந்தத் தோலைக் கிழித்தான் என்றால், அவன் கிழித்தது கலையை அல்ல, கட்டளையை. ஆனால் அதே கருவியை, கட்டளை இல்லாத இடத்தில், பேசிய ஊதியத்துக்கு, பெயர் அச்சிட்ட அழைப்பிதழோடு, உட்கார்ந்து கேட்கும் அவையின் முன் ஒலித்தால் அது கலை. இரண்டையும் பிரிப்பது இடம். அதனால்தான் மண்டபம் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

"இப்போதுதான் எங்கும் பறை ஒலிக்கிறதே! 2007-இல் சென்னை சங்கமம் வந்தது, 2020-இல் மார்கழியில் மக்களிசை வந்தது" என்று சமாதானம் சொல்வார்கள். வந்தன, வரவேற்போம். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: சங்கமத்தார் நாட்டார் கலையைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டு சென்றதால்தான் அது பேசப்பட்டது, ஏனென்றால் மண்டபங்களின் கதவு அதற்குத் திறந்ததில்லை. திடலில் ஆடு, தெருவில் அடி, மண்டபத்துக்குள் மட்டும் வராதே! இந்த விதியை எழுதி வைத்தவர் எவருமில்லை, எழுதாமலே நடக்கிறது. மண்டபத்துக்குள் இருப்பவர்களின் மனம் இன்னும் எப்படி என்பதற்குத் தொலைவில் தேட வேண்டா. மியூசிக் அகாதெமி 2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி என்று அறிவித்தபோது, அவர் பெரியாரைப் போற்றியவர் என்பதையே குற்றமாகச் சாற்றி, அந்த மாநாட்டில் பாட மாட்டோம் என்று விலகினார்கள் சிலர். 1946-இல் தமிழ் தீட்டு. 2024-இல் பெரியார் பெயர் தீட்டு!

இனி அவர்களுடைய கடைசி வாதம், விஞ்ஞான வேடம் பூண்ட வாதம்: "பறையும் தவிலும் வெட்டவெளிக் கருவிகள், மண்டபத்துக்குள் அடித்தால் காது கிழியும்." இதைச் சற்று நின்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகம் 1895-இல் ஒரு சங்கடத்தில் சிக்கியது. புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசினால் எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் சுவரில் மோதி, கூரையில் மோதி, ஐந்தரை வினாடி அலைந்துகொண்டே இருந்தது; அதற்குள் பேசுபவர் பத்துச் சொல்லைத் தாண்டிவிடுவார். மண்டபத்தில் நடந்தது விரிவுரை அல்ல, இரைச்சல். வேலஸ் சேபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம், சரிசெய் என்றார்கள். அவர் என்ன செய்தார்? மூலை பார்த்தாரா, முகூர்த்தம் பார்த்தாரா? பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கடன் வாங்கினார். தெருவின் ஓசை அடங்கிய நள்ளிரவுக்குப் பின், ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் வரை நேரம் அளந்தார். சில மெத்தை வைத்து அளந்தார். மேலும் வைத்து அளந்தார். இருக்கை, நடைபாதை, மேடை, பின்சுவர் எங்கும் பரப்பி அளந்தார். ஐந்தரை வினாடி எதிர்முழக்கம் ஒன்றேகால் வினாடிக்கும் கீழே இறங்கிற்று. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பித் தூக்கிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இப்படிப் பல இரவுகள். 1898-இல் விதி பிறந்தது: மண்டபத்தின் கொள்ளளவு கூடினால் எதிர்முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும், இரண்டையும் இலக்கத்தில் கணக்கிடலாம். அந்தக் கணக்கின்படி எழுந்து, 1900-இல் திறக்கப்பட்டது பாஸ்டன் சிம்பொனி மண்டபம். உலகின் சிறந்த இசையரங்குகளில் ஒன்று என்று இன்றும் பெயர் பெற்றது. (தஞ்சையில் சுருதியை அளந்த பண்டிதரும், ஹார்வர்டில் எதிர்முழக்கத்தை அளந்த சேபினும் மறைந்தது ஒரே ஆண்டு, 1919.)

ஆகவே காது கிழிவது பறையின் குற்றம் அன்று, சுவரின் குற்றம். பேச்சுக்கு ஒரு வினாடிக்குள் எதிர்முழக்கம் அடங்க வேண்டும். மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி நீடிக்கலாம். தவிலின் விரைந்த சொற்கட்டும் பறையின் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்காமலிருக்க வேண்டுமானால் நேரம் குறுக வேண்டும். ஒரே அரங்கில் இதை மாற்றலாம். சுவரோரம் கனத்த திரைகளை இழுக்கவும் ஒதுக்கவும் வசதி வைத்தால் போதும். உண்மையான பல்நோக்கு அதுதான்! கனத்த கைத்தறித் துணிக்கு அயல்நாடு போக வேண்டுமா? சின்னாளபட்டித் தறி எதற்கு இருக்கிறது? அய்யம்பாளையத்துத் தோப்புகளில் தென்னை மட்டைக்குப் பஞ்சமா? தென்னை நார்ப்பலகை ஒலியை உறிஞ்சும். கிராமப் பல்கலைக் கழகத்தின் மாணவர்களே அளந்து, நெய்து, பொருத்தி முடிக்கத்தக்க வேலை இது. பளிங்குக் கல்லும் கண்ணாடிச் சுவரும் போட்டுவிட்டு, எதிரொலிக்கிறது என்று எட்டு ஒலிபெருக்கி மாட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். ஒலிபெருக்கி கெட்ட சுவரைத் திருத்தாது, அதன் கேட்டைப் பெருக்கும்.

நம் கட்டடக் குழுக்கள் எதை அளக்கின்றன? ஈசானிய மூலையை. அக்கினி மூலையை. மனையடி சாத்திரக்காரர் வந்து, மேடை கிழக்கே பார்க்கட்டும் என்றால், பொறியியல் படித்தவர் வரைபடத்தைத் திருத்தி வரைகிறார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்திலே 1976 திருத்தத்தின் வழியே எழுதி வைத்த நாடு இது! பாடத்தில் சேபின், பூமி பூசையில் புரோகிதர். மாணவன் எதை நம்புவான்? தேங்காய் உடைக்கும் நேரத்தில் ஒருவர் மேடையில் நின்று கைதட்டி, ஒலி மறையும் நேரத்தை அளந்திருந்தால், அந்த மண்டபம் வாழ்நாள் முழுதும் ஒழுங்காகப் பேசும்.

இசையரங்கு அமைப்போர் மறக்கும் இன்னொன்றும் உண்டு. பறை என்பது வளையக் கட்டையில் இழுத்துக் கட்டிய தோல். ஈரக்காற்றில் தோல் தளரும். தளர்ந்தால் ஒலி தாழும். ஆகவே அடிப்பதற்கு முன் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அந்தத் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள். தோல் விறைத்ததும் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பிறகுதான் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் கையேறும். வீணைக்காரர் தந்தியை முறுக்குவதுபோல இதுவும் சுருதி சேர்ப்புத்தான். பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது என்பார்கள். வந்திருக்கலாம், மாட்டுத்தோலின் நாதம் அதில் இல்லை என்பதை அடிப்பவர்களே சொல்வார்கள். வீணைக்காரருக்குக் கண்ணாடி பதித்த ஒப்பனை அறை கொடுக்கும் மண்டபம், பறையடிக்கும் பெண்ணுக்கு என்ன கொடுக்கிறது? தீ மூட்டக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையை! அவள் வண்டிகள் நிற்கும் இடத்தில் குப்பை கூட்டிக் கொளுத்த வேண்டும். காவலாளி வந்து விரட்டுவான். சட்டம் சாதி பேசவில்லை, தீயணைப்பு விதி பேசுகிறது என்பார்கள். மேடைக்குப் பின்னே, கூரையில்லாத ஒரு சிறு முற்றம், நான்கு புறமும் செங்கல் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், மணல் வாளி, முற்றத்திலிருந்து மேடைக்கு நேரே ஒரு வாயில். பட்டமளிப்பு நாளில் பந்தலுக்கு ஆகும் செலவு ஆகுமா இதற்கு?

தமிழ்நாட்டின் எந்தப் பல்கலைக் கழகம் மண்டபம் எழுப்பினாலும், மாணவத் தோழர்களே, அடித்தளம் தோண்டும்போதே போய் வரைபடத்தைக் கேளுங்கள். காந்திகிராமத்தில் எழுமானால் முதலில் கேளுங்கள். ஆத்தூர்ச் சமவெளிப் பிள்ளைகளுக்கு அந்த உரிமை உண்டு. எதிர்முழக்கம் எத்தனை வினாடி என்று கேளுங்கள், விழிப்பார்கள். திறப்பு விழா மேடையில் நாதசுரம் எந்த நேரத்தில் என்று கேளுங்கள்; மங்கல இசை என்று தொடங்குவார்கள், அவை நிறைந்த பிறகு முழுக் கச்சேரி என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். பிறகு ஈசானிய மூலையைத் தொட்டுக் காட்டிய அதே விரலால், பறை காயும் முற்றத்தையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.